வரைபடத்துக்கும் பட்டறைக்கும் நடுவே 45 நாட்கள்

ஒரு பொறியியல் வரைபடம் என்பது, அதை வரைந்தவர் பெரும்பாலும் நேரில் சந்தித்திராத ஒருவருக்கு எழுதும் கட்டளையாகும். எந்த உலோகத்தை எடுக்க வேண்டும், எந்த முகத்தை அடிப்படையாகக் கொண்டு அளக்க வேண்டும், எந்தத் துளை எவ்வளவு துல்லியமாக அமைய வேண்டும், எவ்விடத்தில் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பன யாவும் அந்தத் தாளில் கோடுகளாகவும் எண்களாகவும் குறியீடுகளாகவும் அடங்கியிருக்க, அவற்றைப் படித்து நிறைவேற்றுபவர் லேத்தின் முன்னாலோ வார்ப்பாலையின் மணல் அச்சருகிலோ நிற்கிறார். கட்டளையிடுபவருக்கும் அதை நிறைவேற்றுபவருக்கும் இடையிலான தூரம் கூடக்கூட, கணினித் திரையில் குறையின்றித் தோன்றும் பாகம் பட்டறையில் செய்ய இயலாததாகவோ, செய்ய முடிந்தாலும் எவரும் வாங்க முன்வராத விலையுடையதாகவோ ஆகிவிடுகிறது. இந்தத் தூரத்தைக் கல்லூரிப் பருவத்திலேயே குறைப்பது எப்படி என்பது பொறியியல் கல்வியின் பழைய கேள்வி. அதற்கு இங்கிலாந்து அண்மைக் காலத்தில் அளித்துள்ள விடைகளில் முக்கியமானது, 16 வயதைக் கடந்த மாணவர்களுக்கான ‘டி லெவல்’ என்னும் இரண்டாண்டுப் படிப்பு.

பள்ளியிறுதித் தேர்வான ஜிசிஎஸ்இ-யை முடித்த இங்கிலாந்து மாணவர் பல்கலைக்கழகத்தை நோக்கிச் செல்ல வேண்டுமானால் மூன்று பாடங்களில் ‘ஏ லெவல்’ எழுதுவதே நெடுங்காலமாக மதிப்புக்குரிய வழியாக இருந்துவருகிறது. தொழிற்கல்வியை நாடியவர்களுக்கோ, தரத்திலும் மதிப்பிலும் வேறுபட்ட எண்ணற்ற சான்றிதழ்கள் இருந்தன. எந்தச் சான்றிதழ் எந்த வேலைக்கு இட்டுச்செல்லும் என்பது மாணவருக்கும் தெரியவில்லை, வேலை தருபவருக்கும் தெரியவில்லை. இந்தக் குழப்பத்தை ஆராய்ந்து, லார்ட் செயின்ஸ்பரி தலைமையிலான குழு 2016-இல் அளித்த பரிந்துரைகளின் வழியே டி லெவல் உருவானது. முதல் மூன்று பாடங்கள் 2020 செப்டம்பரில் தொடங்க, ‘பொறியியல், உற்பத்தித் துறைகளுக்கான வடிவமைப்பும் மேம்பாடும்’ என்னும் பாடம் 2022 செப்டம்பரில் கல்லூரிகளுக்கு வந்தது. 1878-இல் லண்டன் மாநகராட்சியும் அதன் பழைய வணிக, கைவினைச் சங்கங்களும் சேர்ந்து தொழில்நுட்பக் கல்விக்கென நிறுவிய சிட்டி அண்டு கில்ட்ஸ் அமைப்பு இதன் தேர்வுகளை நடத்திச் சான்றளிக்கிறது.

இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 1,800 மணி நேரம் நீளும் இப்படிப்புக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதலாவதான மையப் பகுதியில், பொறியியலுக்குத் தேவையான கணிதமும் அறிவியலும், பொருள்களின் இயல்புகள், இயந்திரவியல் தத்துவங்கள், மின்னியல், மின்னணுவியல், இயந்திரத்தையும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் ஒன்றிணைக்கும் மெக்கட்ரானிக்ஸ், தர மேலாண்மை, பாதுகாப்பு, செலவுக் கணக்கு முதலியவை கற்பிக்கப்படுகின்றன. எழுத்துத் தேர்வுகளோடு, தொழில் நிறுவனங்களின் துணையுடன் வகுக்கப்பட்ட ஒரு செயல்திட்டத்தையும் மாணவர் முடித்தாக வேண்டும். இரண்டாவது பகுதியான தொழில் சிறப்புப் பிரிவில் இயந்திரவியல், மின்னியல்–மின்னணுவியல், கட்டுப்பாட்டுக் கருவியியல், கட்டமைப்புப் பொறியியல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார். மூன்றாவது பகுதிதான் இப்படிப்பைப் பிறவற்றிலிருந்து பிரித்துக்காட்டுவது: குறைந்தது 315 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு 7 மணி நேரம் எனக் கொண்டால் 45 நாட்கள், ஓர் உண்மையான நிறுவனத்தில் உண்மையான வேலையில் மாணவர் ஈடுபட வேண்டும், இதை முடிக்காதவருக்கு, எழுத்துத் தேர்வில் எத்தகைய மதிப்பெண் பெற்றிருந்தாலும், முழுச் சான்றிதழ் கிடைப்பதில்லை. மிக உயர்ந்த தகுதி நிலையில் தேறியவருக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்காக வழங்கப்படும் 168 புள்ளிகள், மூன்று ஏ லெவல் பாடங்களில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியவருக்கு வழங்கப்படுபவற்றுக்குச் சமமானவை.

அப்ரென்டிஸ்ஷிப் எனப்படும் தொழில் பழகுநர் முறையிலிருந்து இது வேறுபடும் விதத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பழகுநர் ஒரு நிறுவனத்தின் ஊழியர். ஊதியம் பெறுகிறார், பெரும்பகுதி நேரத்தை ஆலையிலும் சிறுபகுதியைக் கல்லூரியிலும் கழிக்கிறார். டி லெவல் மாணவரோ முதன்மையாக மாணவரே. நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மட்டும் ஆலைக்கு அளிக்கும் அவருக்கு ஊதியம் தர வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. வாரத்தில் ஓரிரு நாட்கள் வீதமாகவோ, சில வாரங்களைத் தொடர்ச்சியாகவோ, இரண்டையும் கலந்தோ கல்லூரியும் நிறுவனமும் இந்த 45 நாட்களை அமைத்துக்கொள்ளலாம்.

திரையில் எளிது, உலோகத்தில் அரிது

வடிவமைப்புக் கல்விக்கு ஆலை அனுபவம் ஏன் இன்றியமையாதது என்பதை, பாடத்தின் உள்ளே நுழைந்து பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும். ஓர் அலுமினியக் கட்டியில் சதுரமான குழி ஒன்றை அமைக்க வேண்டும் என வைத்துக்கொண்டால், கணினி வடிவமைப்பு மென்பொருளில் அதன் நான்கு உள்மூலைகளையும் கூர்மையான செங்கோணங்களாக வரைவது ஒரு நொடி வேலை. ஆனால் அந்தக் குழியைக் குடையும் மில்லிங் இயந்திரத்தின் வெட்டுளி உருளை வடிவானது. அது சுழன்றுகொண்டே உலோகத்தைச் சீவுவதால், எந்த உள்மூலையிலும் தன் ஆரத்துக்குக் குறைவான வளைவை அதனால் விட்டுச்செல்ல முடியாது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெட்டுளி குறைந்தது 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள மூலையைத்தான் தரும். இதைவிடக் கூர்மையான மூலை வேண்டுமென்றால் மெல்லிய வெட்டுளியை மாட்ட வேண்டும். குழி ஆழமாக இருந்தால் அந்த மெல்லிய வெட்டுளி நீண்டு வளைந்து அதிரும், பரப்பு சொரசொரப்பாகும், வேலை நேரம் பன்மடங்காகும். மூலைக்கு வெட்டுளியின் ஆரத்தைவிடச் சற்றே பெரிய வளைவைக் கொடுத்திருந்தால் இவற்றில் ஒன்றும் நேர்ந்திருக்காது. பாடநூலில் ஒரே வரியில் அடங்கும் இந்த உண்மை, அதிரும் வெட்டுளியின் ஓசையைக் கேட்ட மாணவருக்கு வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை.

வார்ப்பில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. மணலில் அச்செடுக்கப் பயன்படும் மாதிரி வடிவத்தை, அதாவது பேட்டர்னை, மணல் சிதையாமல் வெளியே எடுக்க வேண்டுமானால் அதன் பக்கச் சுவர்கள் செங்குத்தாக இல்லாமல் ஓரிரு பாகை சாய்ந்திருக்க வேண்டும். இட்லித் தட்டின் குழி வாய்ப்பக்கம் அகன்று அடிப்பக்கம் குறுகியிருப்பதால்தான் இட்லி பிய்ந்துபோகாமல் வருகிறது என்பதை அறிந்தவருக்கு இந்தச் சாய்வின் தேவையை விளக்க வேண்டியதில்லை. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்குவதால் பேட்டர்னை இறுதி அளவைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்பதும், வார்ப்பிரும்புக்கு அந்தச் சுருக்கம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு என்பதும், தடித்த சுவரும் மெல்லிய சுவரும் திடீரெனச் சந்திக்கும் இடத்தில் ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் உறைந்து உள்ளே வெற்றிடமோ விரிசலோ உண்டாகலாம் என்பதும் வார்ப்பாலைத் தொழிலாளர்களின் அன்றாட அறிவு. வடிவமைப்பாளர் இவற்றை மறந்து வரைந்த பாகத்தை அவர்கள்தான் திருத்தி வாங்குகிறார்கள், அல்லது உடைத்து மீண்டும் உருக்குகிறார்கள்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது டாலரன்ஸ் எனப்படும் அளவுத் தளர்வு. எந்தப் பாகத்தையும் எழுதிய அளவிலேயே துல்லியமாகச் செய்துவிட எந்த இயந்திரத்தாலும் முடியாது என்பதால், எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதை வரைபடம் சொல்லியாக வேண்டும். 25 மில்லிமீட்டர் துளையில் ஒரு தண்டு அதிகத் தளர்வின்றி, ஆனால் தடையின்றிச் சுழல வேண்டுமென்றால், சர்வதேசத் தர முறைப்படி துளைக்கு ‘எச் 7’ என்றும் தண்டுக்கு ‘ஜி 6’ என்றும் குறிப்பிடுவது வழக்கம். இதன் பொருள், துளை 25.000 முதல் 25.021 மில்லிமீட்டர் வரையிலும், தண்டு 24.980 முதல் 24.993 மில்லிமீட்டர் வரையிலும் இருக்கலாம் என்பதாகும். எந்தத் துளையையும் எந்தத் தண்டையும் எடுத்துப் பொருத்தினாலும் இடைவெளி 0.007 மில்லிமீட்டருக்குக் குறையாது, 0.041 மில்லிமீட்டரைத் தாண்டாது. மனிதத் தலைமுடியின் தடிமன்கூட இதைவிடப் பெரிது. இத்தகைய துல்லியத்தை லேத்தில் கடைவதை மட்டும் நம்பி எட்டிவிட முடியாது. பெரும்பாலும் துளையை ரீமரால் சீராக்கவும் தண்டைக் கிரைண்டிங் இயந்திரத்தில் தேய்க்கவும் வேண்டியிருப்பதால், ஒவ்வொரு படியும் விலையைக் கூட்டுகிறது. புதிதாக வரையக் கற்றவர் செய்யும் வழக்கமான பிழை, சுழலும் தண்டுக்குத் தேவையான இதே நெருக்கத்தை, கை பிடிக்கும் கைப்பிடிக்கும் மூடியின் விளிம்புக்கும் சேர்த்து எழுதிவிடுவதுதான், அங்கே 0.2 மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் எவருக்கும் எந்த இழப்பும் இல்லை. ஓர் எண்ணுக்குப் பின்னால் எத்தனை மணி நேர உழைப்பு நிற்கிறது என்பதை அறியாதவர் அந்த எண்ணை எழுதும் அதிகாரத்தைப் பெறுவது, உற்பத்தித் துறையின் பெருஞ்செலவுகளுக்கு ஒரு மூல காரணம்.

வரைபட விதிகளே பட்டறையிலிருந்து கற்றவை என்பதற்கு, இன்று உலகெங்கும் வழங்கும் ‘இடத் தளர்வு’ முறை நல்ல சான்று. ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டிரியா என்னும் ஊரில் இருந்த அரச டார்பிடோ தொழிற்சாலையில் பணியாற்றிய ஸ்டான்லி பார்க்கர், இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், சோதனையில் தள்ளப்பட்ட சில பாகங்கள் பொருத்திப் பார்க்கும்போது நன்றாகவே பொருந்துவதைக் கவனித்து, அதன் காரணத்தை ஆராய்ந்தார். ஒரு துளையின் மையம் கிடையாக 0.1 மில்லிமீட்டரும் நெடுக்காக 0.1 மில்லிமீட்டரும் விலகலாம் என்று வரைபடம் சொன்னால், அனுமதிக்கப்பட்ட பரப்பு ஒரு சிறு சதுரமாகிறது. அந்தச் சதுரத்தின் மூலையில், அதாவது உண்மை மையத்திலிருந்து சுமார் 0.14 மில்லிமீட்டர் தொலைவில் விழுந்த துளை ஏற்கப்படுகிறது, நேராக 0.12 மில்லிமீட்டர் மட்டுமே விலகிய துளையோ தள்ளப்படுகிறது. துளைக்குள் நுழையும் போல்ட்டுக்கு விலகலின் அளவே முக்கியம், திசை முக்கியமில்லை என்பதால், அனுமதிப் பரப்பைச் சதுரமாக வரைவதைவிட அதன் மூலைகளைத் தொட்டுச் செல்லும் வட்டமாக வரைவதே அறிவுக்குப் பொருந்துவது. அவ்வாறு செய்தால் அனுமதிப் பரப்பு 57 விழுக்காடு கூடுகிறது, பொருளின் தரமோ சற்றும் குறைவதில்லை. நல்ல பாகங்கள் குப்பைக்குப் போவதைக் கண்ணெதிரே காண நேர்ந்ததால் பிறந்த இந்தச் சிந்தனை, இன்று கல்லூரிப் பாடத்தில் சில குறியீடுகளாகச் சுருங்கி நிற்கிறது. அவற்றை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு அவற்றின் தோற்றுவாய் தெரியாமல் போவது வருந்தத்தக்கது.

பட்டறையே பள்ளியாக இருந்த காலம்

கல்லூரிகள் பிறப்பதற்கு முன், வரைபவருக்கும் செய்பவருக்கும் இடையே இந்தத் தூரமே இருக்கவில்லை. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே நடத்திய பட்டறையில் வரைந்தவரும் கடைந்தவரும் பெரும்பாலும் ஒருவரே. அங்கே வேலை பழகிய ஜோசப் விட்வொர்த்தும் ஜேம்ஸ் நாஸ்மித்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனின் தலைசிறந்த இயந்திர வடிவமைப்பாளர்களாக உயர்ந்தனர். 1841-இல் விட்வொர்த் முன்மொழிந்த திருகுமரைத் தரம், அவர் தம் அறையில் அமர்ந்து கற்பனையில் வகுத்தது அன்று. நாட்டின் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைத் திரட்டி, அவற்றின் சராசரியை ஆராய்ந்தே 55 பாகைக் கோணமுள்ள அந்த மரையை அவர் நிறுவினார். கைத்திறனும் ஏட்டறிவும் ஒருவரிடமே சேர வேண்டும் என்ற நம்பிக்கையில் 1868-இல் அவர் ஏற்படுத்திய உதவித்தொகை, பட்டறையில் பழகிப் பிறகு பட்டப்படிப்புக்குச் செல்வோருக்கு இன்றும் வழங்கப்பட்டுவருகிறது.

கணிதமும் வெப்பவியலும் மின்னியலும் வளர்ந்து, பட்டறையில் மட்டும் கற்க இயலாத அளவுக்கு அறிவு பெருகியபோது கல்லூரிகள் தேவைப்பட்டன. கல்லூரிகள் வந்ததும் பட்டறை விலகிப்போனது. விலகியதை மீண்டும் இணைக்கும் முயற்சியாக, படிப்புக் காலத்துக்கு இடையிடையே ஆலைக் காலத்தைச் செருகும் ‘சாண்ட்விச்’ முறையை, கப்பல் கட்டும் தொழிலால் பெயர்பெற்ற சன்டர்லாந்து நகரின் தொழில்நுட்பக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 மாணவர்களோடு ஏறக்குறைய இதே முறையைக் கூட்டுறவுக் கல்வி என்ற பெயரில் நடைமுறைப்படுத்தினார். 1957-இல் நிறுவப்பட்ட கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் அம்முறையைத் தன் அடித்தளமாகவே கொண்டு வளர்ந்தது. ஜெர்மனியில் ஆலையும் பள்ளியும் சேர்ந்தே தொழிலாளியை உருவாக்கும் இரட்டை முறை 1969-இல் நாடு தழுவிய சட்டமாக வகுக்கப்பட்டதோடு நில்லாமல், ஸ்டுட்கார்ட் வட்டாரத்தின் பெருநிறுவனங்கள் பட்டப்படிப்புக்கும் அதையே விரிவாக்கின.

இங்கிலாந்தின் வரலாறு இவ்வளவு நேரானதாக இல்லை. 1944-இன் கல்விச் சட்டத்தையொட்டி எழுந்த திட்டத்தில் இலக்கணப் பள்ளி, தொழில்நுட்பப் பள்ளி, பொது இடைநிலைப் பள்ளி என மூவகை எண்ணப்பட்டிருந்தும், நடுவிலிருந்த தொழில்நுட்பப் பள்ளிகள் மிகச் சிலவே கட்டப்பட்டன. ஏட்டுக் கல்வி உயர்ந்தது, கைத்தொழில் தாழ்ந்தது என்ற சமூக மனநிலை அந்த இடைவெளியில் இன்னும் இறுகியது. டி லெவல் படிப்பில் சேர்ந்தோரின் எண்ணிக்கை தொடக்கத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்ததற்கு, பாடம் கடினமானது, நிறுவனங்களில் இடம் கிடைப்பது அரிது என்பவற்றோடு, பெற்றோரிடம் வேரூன்றியுள்ள இந்த மனநிலையும் காரணம் என்று சொல்வது மிகையாகாது.

45 நாட்களில் நடப்பதும் நடக்காததும்

ஆலைக்கு அனுப்புவதாலேயே மாணவர் கற்றுவிடுவார் என்று நம்புவதற்கு இடமில்லை. நல்ல நிறுவனத்தில் நடப்பது பெரும்பாலும் இவ்வாறு அமைகிறது: முதல் சில நாட்கள் பாதுகாப்பு விதிகளையும் இயந்திரங்களின் இருப்பிடத்தையும் அறிவதில் கழிய, அடுத்து மாணவரிடம் ஒரு பழைய பாகத்தையும் வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் கொடுத்து, அதை அளந்து வரையச் சொல்கிறார்கள். வரைந்ததைப் பொறியாளர் சிவப்பு மையால் திருத்தித் தருகிறார். திருத்திய வரைபடம் பட்டறைக்குப் போகிறது. செய்து முடித்த பாகம் சோதனை மேசைக்கு வரும்போது, துளைக்குள் செல்லுமா செல்லாதா என்று பார்க்கும் கேஜை மாணவரே நுழைத்துப் பார்க்கிறார். பொருத்துமிடத்தில் நின்று, ஜியாஃப்ரி பூத்ராய்ட் வகுத்த மூன்று கேள்விகளை எழுப்பிப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது: இந்தப் பாகம் பக்கத்துப் பாகத்தைச் சார்ந்து அசைகிறதா, வேறு பொருளால் ஆகியே தீர வேண்டுமா, தனியாக இல்லாவிட்டால் மற்றவற்றைப் பொருத்தவோ கழற்றவோ முடியாமல் போகுமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றே விடை வருமானால் அந்தப் பாகத்தைப் பக்கத்துப் பாகத்தோடு ஒன்றாக்கிவிடலாம். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பூத்ராய்டின் இந்த எளிய ஆய்வு, எத்தனையோ பொருள்களிலிருந்து தேவையற்ற திருகாணிகளையும் தாங்கிகளையும் நீக்கியிருக்கிறது. 17 வயது மாணவரும் முதல் வாரத்திலேயே அதைக் கையாளத் தொடங்கலாம்.

மறுபுறம், கோப்புகளை அடுக்குவதிலும் விவரங்களைக் கணினியில் ஏற்றுவதிலும் 315 மணி நேரத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும் மாணவர்களும் இருக்கக்கூடும். சிறு நிறுவனங்களில் மாணவரோடு நேரம் செலவிட ஓர் அனுபவசாலியை விடுவிப்பது உற்பத்தியைப் பாதிக்கும். இயந்திரங்களுக்கு அருகில் இளம் வயதினரை அனுமதிப்பதில் காப்பீடு, பாதுகாப்பு பற்றிய அச்சங்களும் உண்டு. தொழிற்சாலைகள் நெருங்கியிருக்கும் நகரத்துக் கல்லூரிக்கு எளிதாக அமையும் இடம், வயல்வெளிகளுக்கு நடுவிலுள்ள கல்லூரிக்கு அமைவதில்லை. இந்த இடர்ப்பாடுகளைக் கண்டு, பயிற்சியின் ஒரு பகுதியை வீட்டிலிருந்தே செய்யலாம் என்பது போன்ற தளர்வுகளை அரசு பின்னர் அளித்தது. மென்பொருள் எழுதும் மாணவருக்கு அது பொருந்தலாம். வெட்டுளியின் அதிர்வை வீட்டிலிருந்து கற்க வழியில்லை என்பதால், உற்பத்தி வடிவமைப்பில் இத்தளர்வைப் பயன்படுத்தும் கல்லூரிகள் மிகுந்த கவனத்தோடு பயன்படுத்த வேண்டும்.

நாட்களின் எண்ணிக்கையைவிட, ஆலைக்கும் வகுப்பறைக்கும் இடையிலான போக்குவரத்தே பயனைத் தீர்மானிக்கிறது. படிப்பின் கடைசியில் ஒட்டவைக்கப்பட்ட பயிற்சி, வேலைக்கு அறிமுகமாகலாம்; வடிவமைப்பைக் கற்பிக்காது. முதலாண்டில் வரைந்தது பட்டறையில் ஏன் தோற்றது என்பதைக் கண்டபின், மாணவர் மீண்டும் வகுப்பறைக்கு வந்து அதே பாகத்தைத் திருத்தி வரைய வேண்டும். அதற்கு அவகாசம் இருக்கும்படி பயிற்சி நடுவில் அமைய வேண்டும். சன்டர்லாந்தில் 1903-இல் தேர்ந்துகொண்ட முறையின் சிறப்பும் இந்த இடையீட்டில்தான் அடங்கியிருந்தது.

கோயம்புத்தூர் அறிந்த முறை

இங்கிலாந்தில் தோன்றிய சாண்ட்விச் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்துசேர்ந்த பின் நூற்பாலைகளும் பம்புசெட், மோட்டார் பட்டறைகளும் பெருகிய கோயம்புத்தூரில், ஆலையும் கல்லூரியும் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. 1926-இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்பட்டறையையும், 1939-இல் பாலிடெக்னிக்கையும், 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரியையும் நிறுவியபோது, விற்பனைக்கான மோட்டாரும் பம்பும் தயாராகும் இடத்திலேயே மாணவர் பழகும் வாய்ப்பு உண்டானது. இந்தியாவின் முதல் மின்மோட்டார்களுள் ஒன்றை 1937-இல் உருவாக்குவதில் பங்கேற்ற ஜி.டி.நாயுடு, 1940-களில் தம் முயற்சியால் எழுந்த ஆர்தர் ஹோப் பெயரிலான கல்லூரியில், பொறியியலுக்கு நான்காண்டு தேவையில்லை, செய்முறையை முதன்மையாக்கினால் இரண்டாண்டே போதும் என்று வாதிட்டு, அதை ஆட்சியாளர்கள் ஏற்காதபோது பொறுப்பிலிருந்து விலகினார். கணிதத்தின் ஆழத்துக்கு இரண்டாண்டு போதுமா என்பது விவாதத்துக்குரியதே. ஆனால் காலத்தை எதில் செலவிடுகிறோம் என்று அவர் எழுப்பிய கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டின் சாண்ட்விச் டிப்ளமோ படிப்பு மூன்றரை ஆண்டு, ஏழு பருவங்கள் கொண்டது. வழக்கமான டிப்ளமோவைவிட நீளும் இப்படிப்பில் நான்காம், ஏழாம் பருவங்களில் மாணவர் ஆலைப் பயிற்சிக்குச் செல்கிறார். நான்காம் பருவத்தில் ஆலையைக் கண்டவர் ஐந்தாம் பருவத்துக்கு வகுப்பறைக்குத் திரும்புவதால், மேலே சொன்ன போக்குவரத்து இதில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. 45 நாட்களோடு ஒப்பிடும்போது இது பன்மடங்கு நீண்ட அனுபவமும்கூட. இத்தகைய படிப்பு மிகச் சில கல்லூரிகளோடு நின்றுவிட்டது பெரிய இழப்பு.

மற்றக் கல்லூரிகளில் நிலைமை வேறு. 1961-இன் பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டுப் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தோருக்கும் பயிற்சி வாய்ப்பைத் திறந்ததென்றாலும், அது படிப்பு முடிந்தபின் வருவது. படிக்கும்போதே செல்லும் ‘இன்பிளான்ட் டிரெய்னிங்’ பல இடங்களில் சில நாள் ஆலைச் சுற்றுலாவாகச் சுருங்கிவிட்டது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018 மாதிரிப் பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கியபோது நோக்கம் நல்லதாகவே இருந்தது. கட்டாயமானதும், கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் அச்சடித்துத் தரும் இடங்கள் பெருகின. பட்டறையின் வாசலைக்கூட மிதிக்காமல் பதிவேட்டை நிரப்பிவிடும் மாணவர்மீது மட்டும் குற்றம் சுமத்துவது நியாயமாகாது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோரை அனுப்பும் கல்லூரி, அவர்களைக் கவனிக்க ஓர் ஆசிரியரைக்கூட ஆலைக்கு அனுப்புவதில்லை.

16 வயதில் எடுக்கும் முடிவு

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் டி லெவல் நேரடியாகத் தொடர்புடைய செய்தி. மருத்துவத்தையும் கணக்கியலையும் நோக்கி ஏ லெவல் வழியே பிள்ளைகளைச் செலுத்துவது அங்கே வேரூன்றிய வழக்கம் என்பதால், டி லெவல் என்றதும் படிப்பு வராதவர்களுக்கான மாற்று என்ற எண்ணம் பெற்றோரிடம் எழுவது இயல்பு. மையப் பகுதியின் கணிதத்தையும் இயந்திரவியலையும் பார்த்தவர் அவ்வாறு நினைக்க வழியில்லை. ஆனால் இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது: பொறியியல் பட்டப்படிப்புக்கு ஏ லெவல் கணிதத்தைத் தனியே கேட்கும் பல்கலைக்கழகங்கள் இருப்பதால், புள்ளிகள் சமமாக இருப்பதாலேயே கதவுகளும் சமமாகத் திறக்கும் என்று கொள்ள முடியாது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்திருப்பவர், அதன் சேர்க்கை விதியைப் படித்துப் பார்த்த பிறகே 16 வயதில் முடிவெடுக்க வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்துகொள்ளும்போது கேட்க வேண்டியவையும் உண்டு. சென்ற ஆண்டு மாணவர்கள் எந்தெந்த நிறுவனங்களுக்குச் சென்றார்கள், அங்கே அவர்கள் அளந்தார்களா, வரைந்தார்களா, பொருத்தினார்களா என்று கேட்க வேண்டும். பயிற்சி எந்தப் பருவத்தில் வருகிறது, அது நடக்கும்போது கல்லூரி ஆசிரியர் எத்தனை முறை நேரில் வந்து பார்க்கிறார், போக்குவரத்துச் செலவை யார் ஏற்கிறார், நிறுவனம் பாதியில் விலகிக்கொண்டால் மாற்றிடம் உண்டா என்பனவும் கேட்டறியத் தக்கவை. கல்லூரிப் பட்டறைக்குள் நடந்து சென்று, இயந்திரங்களின் அடியில் புதிய உலோகச் சீவல்கள் கிடக்கின்றனவா என்று பார்த்துவருவதும், சென்ற ஆண்டு மாணவர் ஒருவரின் வரைபடத்தை, திருத்தங்களோடு கூடிய முதல் வடிவையும் இறுதி வடிவையும் சேர்த்துக் காட்டச் சொல்வதும் விளம்பர ஏட்டைப் படிப்பதைவிடப் பயன்தரும். கோயம்புத்தூரிலோ ஒசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ பாலிடெக்னிக் தேடும் குடும்பமும், ஊரின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இவற்றையே கேட்கலாம்.